மனுவாக எழுதப்பட்ட ஒரு விமர்சன நூல்

'இது இலக்கியமில்லை, மனு' என்று நம்முடைய எழுத்தைப் பார்த்துச் சொன்னவர்கள் உண்டு. இன்றும் சொல்கிறார்கள், கொஞ்சம் நாசூக்காக. 1992இல் 'கருக்கு' வந்தபோது அதிலிருந்த வாழ்க்கையைப் பேசுவதைவிட, அது நாவலா தன்வரலாறா என்று கேட்பதில்தான் பலருக்கு அக்கறை. நமக்கு ரெண்டு மனுவும் தெரியும். ஒரு மனு நம்மை ஊருக்கு வெளியே வைத்தது. இன்னொரு மனு தாலுகா ஆபீஸ் வாசலில் கால்கடுக்க நிற்க வைத்தது. இரண்டாவது மனுவை எழுதித்தான் நம்மில் பலர் எழுதவே பழகினோம். பட்டா கேட்டு, சுடுகாட்டுப் பாதை கேட்டு, சாதிச் சான்றிதழ் கேட்டு. அதனால் மனு என்று சொல்லி ஓர் எழுத்தை மட்டம் தட்டும்போது எனக்குக் கோபம் வருகிறது. கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு, மனுவாகவே எழுதப்பட்ட ஓர் இலக்கிய விமர்சன நூலை இங்கே வாசித்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

நூலை எழுதியவர் சி.எல்.ஆர். ஜேம்ஸ். 1901இல் டிரினிடாடில் பிறந்த கறுப்பர். ஹெய்ட்டி அடிமைகளின் புரட்சியைப் பற்றி 1938இல் 'கறுப்பு ஜாக்கோபின்கள்' எழுதியவர். கிரிக்கெட் பற்றி அவர் எழுதிய புத்தகத்தை நம்மூரில் சிலர் படித்திருக்கக்கூடும். நான் சொல்லும் நூல் 1953இல் வந்தது. தலைப்பைத் தமிழில் 'மாலுமிகள், ஓடிப்போனவர்கள், கரையொதுங்கியவர்கள்' என்று சொல்லலாம். ஹெர்மன் மெல்வில்லின் 'மோபி டிக்' நாவலைப் பற்றிய ஆய்வு அது. வெள்ளைத் திமிங்கலத்தைத் துரத்திக்கொண்டு போய்க் கப்பலையும் ஆட்களையும் மூழ்கடிக்கிற ஆகாப் என்ற கேப்டனின் கதையைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். ஆனால் நாட்டைவிட்டுத் துரத்தப்படுவதற்காகப் பிடித்துவைக்கப்பட்ட ஒருவர், 'என்னைத் துரத்தாதே' என்ற வழக்கின் பகுதியாக அதை எழுதியது இந்த ஒரு நூலில்தான் என்று நினைக்கிறேன்.

நடந்தது இது. ஜேம்ஸ் 1938இல் அமெரிக்கா போனார், பேச்சுக்கூட்டங்களுக்காக. அனுமதித்த காலம் முடிந்த பிறகும் அங்கேயே தங்கிவிட்டார். டிராட்ஸ்கியக் கட்சியில் வேலை செய்தார், 'ஜே.ஆர். ஜான்சன்' என்ற பெயரில் எழுதினார், தென்கிழக்கு மிசௌரியில் பங்குக் குத்தகை விவசாயிகளின் போராட்டத்தில் நின்றார். கல்யாணமானது, 1949இல் ஒரு மகன் பிறந்தான். சட்டப்படி தங்க அனுமதி கேட்டு விண்ணப்பித்தார். விசாரணை இழுத்துக்கொண்டே போனது. 1950 செப்டம்பரில் மெக்காரன் சட்டம் என்று அழைக்கப்பட்ட உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம், ஜனாதிபதி ட்ரூமனின் மறுப்பையும் மீறி நிறைவேறியது. தன் விசாரணை முடிந்த பிறகு வந்த அந்தச் சட்டத்தைக் கொண்டு தன் விண்ணப்பத்தைத் தீர்மானித்தார்கள் என்பது ஜேம்ஸின் வாதம். ஆட்டம் முடிந்த பிறகு விதியை மாத்துற கதைதான். 1952 ஜூன் 10 அன்று அவரைப் பிடித்து நியூயார்க் துறைமுகத்தில் இருக்கும் எல்லிஸ் தீவில் அடைத்தார்கள். வயிற்றுப்புண்ணோடு அங்கே கிடந்தார். அக்டோபரில்தான் ஜாமீன்.

இருந்த அந்த மாதங்களில் எழுதினார். என்ன எழுதலாம்? தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நினைக்கிற யாரும் வக்கீலுக்குக் குறிப்பு எழுதியிருப்பார்கள். இவர் எழுதியது அமெரிக்காவின் தேசிய நாவல் பற்றி. 'உங்கள் நாட்டின் மிகப் பெரிய எழுத்தாளனை உங்கள் பேராசிரியர்களைவிட நான் புரிந்துகொண்டிருக்கிறேன், இப்போது சொல்லுங்கள், நான் அந்நியனா?' என்பதுதான் அந்த நூலுக்குள் ஓடுகிற கேள்வி. வெளியே தைரியமாகத் தெரிகிறது. உள்ளே அது மனுதான். அச்சடித்த பிரதிகளை அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்களுக்கு அனுப்பி வைத்தார்.

இனி பிரதிக்குள் போகலாம். ஆகாபைச் சர்வாதிகாரியாக வாசிப்பதில் அன்றைக்கு ஒன்றும் புதுமை இல்லை. ஹிட்லர், ஸ்டாலின் என்று எல்லோரும் அப்படித்தான் வாசித்தார்கள். அந்த வாசிப்பில் இஷ்மயேல் தப்பிப் பிழைத்த ஜனநாயகவாதி, அதாவது அமெரிக்கா. ஜேம்ஸ் இங்கேதான் மாறுகிறார். இஷ்மயேலை அவர் நம்பவில்லை. எல்லாம் தெரிந்தும் ஆகாபின் பின்னால் போகிற படிப்பாளி அவன் என்கிறார். அவர் கண் கப்பலின் அடித்தளத்தில் இருக்கிறது: தென்கடல் தீவுக்காரன் குயீக்வெக், செவ்விந்தியன் டாஷ்டெகோ, ஆப்பிரிக்கன் டாகூ, கறுப்புச் சிறுவன் பிப். திமிங்கலத்தைக் குத்துபவர்கள், கொழுப்பை உருக்குபவர்கள், நாற்றத்தில் நிற்பவர்கள். நாவலின் மையம் கேப்டனின் மேல்தளத்து ஆவேசமல்ல, இவர்களின் வேலை என்று அவர் சொல்லும்போது எனக்கு நம்ம ஆட்கள் ஞாபகம் வருவது இயல்பு. தோல் உரிப்பவர், பறை கட்டுபவர், மலம் அள்ள நிர்ப்பந்திக்கப்பட்டவர். வேலையின் அறிவை அறிவாகவே கணக்கில் எடுக்காத விமர்சன மரபு நம்மிடமும் உண்டுதானே.

ஆனாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்த அத்தியாயங்கள் சில இடங்களில் பாடம் நடத்துவதுபோல் இருக்கின்றன. ஆகாப் இது, இஷ்மயேல் அது, மாலுமிகள் மூன்றாவது என்று பங்கு பிரித்துக் கொடுத்துக்கொண்டே போகிறார். நூல் உயிர்பெறுவது கடைசி அத்தியாயத்தில். அதில் மெல்வில் பின்னுக்குப் போய்விடுகிறார், எல்லிஸ் தீவு முன்னால் வருகிறது. எந்தெந்த நாட்டிலிருந்தோ வந்து, எந்த நாட்டுக்குப் போகப்போகிறோம் என்று தெரியாமல் கிடக்கிற மனிதர்கள். இவர்களைப் பார்த்த ஜேம்ஸ் 'இதுதான் அந்தக் கப்பல்' என்கிறார். காவலர்களைக்கூட அவர் மோசமாகச் சொல்லவில்லை. மோசம் வேறெங்கோ, முகம் தெரியாத ஓர் அலுவலகத்தில், ஒரு கோப்பில் இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், பின்னால் வந்த மறுபதிப்பில் இந்தக் கடைசி அத்தியாயத்தைத்தான் வெட்டினார்கள். மெல்வில் ஆய்வு 'சுத்தமாக' இருக்கட்டும், எல்லிஸ் தீவுப் புலம்பல் எதற்கு என்ற நினைப்பாக இருக்கும். முழு நூல் திரும்ப வந்தது 2001இல். இலக்கியத்திலிருந்து மனுவை அறுத்தெடுத்தால் இலக்கியம் மிஞ்சும் என்ற நம்பிக்கை நம்மூர் அழகியல்வாதிகளுக்கு மட்டும் சொந்தமானதல்ல என்று தெரிகிறது.

இப்போது சங்கடமான இடத்துக்கு வருகிறேன். எல்லிஸ் தீவில் ஜேம்ஸை கம்யூனிஸ்டுகள் இருந்த அறையில் போட்டார்கள். டிராட்ஸ்கியவாதிக்கு அது புலிக்கூண்டு மாதிரி. அவருக்குப் பயம் இருந்தது. அங்கே ஒரு கம்யூனிஸ்ட் இருந்தார், நூலில் 'எம்' என்ற எழுத்து மட்டும்தான் அவர் பெயர். அந்த எம் கைதிகளின் குறைகளை அதிகாரிகளிடம் எடுத்துச் சொன்னவர், நோயாளியான ஜேம்ஸையும் கவனித்துக்கொண்டவர். ஜேம்ஸ் இதையெல்லாம் மறைக்காமல் எழுதுகிறார். எழுதிவிட்டு அதே எம்மை ஆகாபின் வரிசையில் கொண்டுபோய் நிறுத்துகிறார். இவன் ஆபத்தானவன், இவனைப் போன்றவர்கள் நல்லவர்களாகத் தெரியும்படி நீதித்துறை நடந்துகொள்கிறதே என்று அரசுக்கே ஆலோசனை சொல்கிறார். அதாவது: நான் அவன் இல்லை. நான் உங்கள் பக்கம்.

இந்தப் பக்கங்களைப் படிக்கும்போது எனக்கு வாய் கசந்தது. ஸ்டாலினியத்தை ஜேம்ஸ் உண்மையாகவே வெறுத்தார், அது அன்றைக்குப் புதிதாகக் கண்டுபிடித்த கொள்கை அல்ல என்பது தெரியும். மாஸ்கோ விசாரணைகளில் செத்தவர்களை அவர் மறக்கவில்லை. ஆனால் ஒரு கருத்தை எங்கே, யாரிடம், எதைக் கேட்டுக்கொண்டே சொல்கிறோம் என்பதும் கருத்தின் பகுதிதான். கஞ்சி ஊற்றியவனைக் காட்டி எனக்குக் கதவைத் திற என்று சொல்லும்போது அந்தக் கருத்து சாட்சியமாகிவிடுகிறது. மேற்கத்திய விமர்சகர்கள் சிலர் இதை 'தந்திரம்' என்று சொல்லிக் கடந்துபோகிறார்கள். நான் கடக்க மாட்டேன். அதே சமயம் ஜேம்ஸைத் துரோகி என்று தள்ளிவிடவும் தயாரில்லை. ஏனென்றால் இந்தக் கோணலைக் கொடுத்தது அந்த வடிவம். விண்ணப்பம் என்ற வடிவம் எப்போதும் இன்னொருவனைக் காட்டித்தான் 'நான் நல்லவன்' என்று சொல்ல வைக்கும். இருந்தும் அவர் எம்மின் நல்ல செயல்களை எழுதாமல் விட்டிருக்கலாம். மனுவுக்கு அது தேவையில்லாத விஷயம், கெடுதலும்கூட. எழுதினார். அந்த நேர்மை மனுவைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகிறது. எழுத்தாளன் ஜெயித்த இடம் அது, மனுதாரன் தோற்ற இடமும் அதுதான்.

மனு தோற்றது. 1953இல் ஜேம்ஸ் இங்கிலாந்துக்குப் போக வேண்டியதாயிற்று. மகன் அமெரிக்காவில். அதே டிரினிடாடில் பிறந்து சிறுமியாக அமெரிக்கா வந்த கிளாடியா ஜோன்ஸ் கம்யூனிஸ்ட் கட்சியின் முக்கியமான தலைவர். குடியுரிமை கேட்டும் கொடுக்காமல், சிறைக்கும் அனுப்பி, 1955 டிசம்பரில் நாடு கடத்தினார்கள். ஒருவர் கம்யூனிஸ்டுகளைத் திட்டினார், ஒருவர் கம்யூனிஸ்டாகவே நின்றார். இருவருக்கும் கப்பல் ஒன்றுதான். டூ பாய்ஸ் அமெரிக்காவில் பிறந்த குடிமகன். அம்பேத்கர் 1946இல் ஐ.நா.வுக்குக் கறுப்பர்கள் கொடுத்த மனுவின் பிரதி கேட்டுக் கடிதம் எழுதியது அவருக்குத்தான் (பாருங்கள், அங்கேயும் மனு). 1950களில் அவருக்கும் பல வருஷம் பாஸ்போர்ட் கொடுக்காமல் வைத்திருந்தார்கள், 1958 வரை.

ஜேம்ஸ் காலத்தில் ஒருவரைத் தீர்மானித்த கோப்பு ரகசியமானது என்றாலும், அது அவரைப் பற்றிய கோப்பு. அரை நூற்றாண்டு கழித்து அமெரிக்காவில் நடந்ததை ஜேம்ஸை வாசித்த கையோடு வாசித்தால் வேறொன்று புரிகிறது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின், 2002 இறுதியில், குடியேற்றத் துறை சுமார் 27 லட்சம் விண்ணப்பதாரர்களின் பெயர்களை எஃப்.பி.ஐ.யிடம் மறுபடியும் சோதிக்கக் கொடுத்தது. 'பெயர்ச் சோதனை' என்று அதற்குப் பெயர். கைரேகைச் சோதனை தனி. அது ஆளைப் பார்க்கும். இது பெயரைப் பார்க்கும். அதுவரை எஃப்.பி.ஐ. முதன்மைக் கோப்புகளைத்தான் தேடிக்கொண்டிருந்தது, அதாவது யார்மேல் விசாரணையோ அவர் பெயரில் உள்ள கோப்பு. இப்போது குறிப்புக் கோப்புகளையும் தேட ஆரம்பித்தார்கள். வேறொருவர் கோப்பில் போகிற போக்கில் உங்கள் பெயர் வந்திருந்தால் போதும். சாட்சியாக வந்திருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம், பாதிக்கப்பட்டவராகவே இருக்கலாம். பெயரை முன்பின்னாக மாற்றி, ஒலிக்கு ஒத்த எழுத்துக்களில் மாற்றி மாற்றித் தேடுவார்கள். பொருந்துகிற மாதிரி இருந்தால் நாடு முழுக்க நூற்றுக்கணக்கான இடங்களில் கிடக்கும் காகிதக் கோப்புகளில் அது எங்கே இருக்கிறதோ அங்கிருந்து வரவழைத்து ஓர் ஆள் உட்கார்ந்து படிக்க வேண்டும். பெரும்பாலான பெயர்கள் இரண்டு மூன்று நாளில் 'ஒன்றுமில்லை' என்று திரும்பிவிடும். மிச்சம் நிற்கும்.

எவ்வளவு நின்றது? குடியேற்றத் துறையின் குறைதீர்ப்பாளர் 2007இல் கொடுத்த அறிக்கையில் கணக்கு இருக்கிறது. அந்த வருஷம் மே மாதத்தில் தேங்கியிருந்தவை 3,29,160. இதில் 90 நாளைத் தாண்டியவை 2,11,341. ஒரு வருஷத்தைத் தாண்டியவை 1,06,738. இந்தச் சோதனையால் நாட்டுக்கு என்ன பாதுகாப்பு என்றும் அந்த அறிக்கை கேட்டது. சந்தேகத்துக்குரியவர் என்று நிறுத்திவைக்கப்பட்டவர் அமெரிக்காவுக்குள்ளேதான் வேலை பார்த்துக்கொண்டு, வரி கட்டிக்கொண்டு இருக்கிறார். அவர் ஆபத்தானவர் என்றால் வருஷக்கணக்கில் அவரை உள்ளே விட்டுவைப்பது என்ன பாதுகாப்பு? ஆபத்தில்லாதவர் என்றால் எதற்கு இந்தத் தாமதம்? நேர்காணல் முடிந்து 120 நாளில் முடிவு சொல்லாவிட்டால் நீதிமன்றம் போகலாம் என்று குடியுரிமைச் சட்டம் சொல்கிறது. பலர் போனார்கள். 2008 பிப்ரவரியில், நிரந்தர வசிப்பு விண்ணப்பத்தில் மற்றதெல்லாம் சரியாக இருந்து பெயர்ச் சோதனை மட்டும் 180 நாளைத் தாண்டி நின்றால் அனுமதி கொடுத்துவிடலாம் என்று உத்தரவு வந்தது. 2009இல் தேக்கம் தீர்ந்ததாக அறிவித்தார்கள். அதோடு முடிந்ததா? 2008இலேயே இன்னொரு திட்டம் சத்தமில்லாமல் தொடங்கியிருந்தது. பாதுகாப்புக் கவலை உள்ளவை என்று முத்திரையிட்ட விண்ணப்பங்களைத் தனியே ஒதுக்கி இழுத்தடிப்பது. முஸ்லிம்கள்தான் இதில் பெரிதும் அகப்பட்டார்கள் என்று 2013இல் அமெரிக்கச் சிவில் உரிமைச் சங்கம் அறிக்கை போட்ட பிறகுதான் இது பரவலாக வெளியே தெரிந்தது. விண்ணப்பித்தவர்களுக்கு அதுவரை 'நிலுவையில் உள்ளது' என்பது மட்டும்தான் பதில்.

முதன்மைக் கோப்பு, குறிப்புக் கோப்பு என்ற இந்தப் பாகுபாட்டில் என் மனசு சிக்கிக்கொண்டது. நம்முடைய வரலாறு முழுக்கக் குறிப்புக் கோப்பில்தானே இருக்கிறது! மிராசுதாரின் நிலப் பதிவேட்டில் பண்ணையாளாக, கலெக்டரின் கடிதத்தில் தொந்தரவாக, மிஷனரியின் அறிக்கையில் மதம் மாறிய ஆத்மாவாக. நம் பெயரில் கோப்பு திறந்தவர்கள் போலீஸ்காரர்கள் மட்டும்தான். பெயரையாவது ஒழுங்காக எழுதினார்களா? மாரியும் முனியனும் கணக்குப்பிள்ளை கை போனபடி ஒவ்வொரு காகிதத்திலும் வேறு வேறு ஆளாக இருக்கிறார்கள். இப்போது தமிழ்ப் பெயருக்குக் குடும்பப் பெயர் எங்கே என்று வெளிநாட்டு விண்ணப்பம் கேட்கிறது. இனிஷியலை விரித்து அப்பன் பெயரைப் பின்னால் போட்டால் அங்கே அப்பன்தான் நாம். என் பாஸ்போர்ட்டுக்கு விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் என் பெயரை அதிகம் கேட்கவில்லை. எந்தத் தெரு என்று கேட்டார். சொன்னதும், 'காலனியா?' என்றார். அவருக்குச் சோதனை அதோடு முடிந்துவிட்டது. எனக்கு அதற்கப்புறம்தான் தொடங்கியது. என்ன நிலைமை என்று ஒவ்வொரு தடவை கேட்டபோதும் 'ரிப்போர்ட் வரலை' என்றுதான் பதில்.

ஜேம்ஸின் நூலை மலையகத் தோழர்கள் வாசித்தால் என்னைவிட நன்றாக வாசிப்பார்கள் என்று தோன்றுகிறது. 1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளர்களை நாடற்றவர்களாக்கியது. அவர்களில் பெரும்பகுதி நம் சாதிகளைச் சேர்ந்தவர்கள். 1949இன் சட்டப்படி 1951 ஆகஸ்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். சுமார் எட்டு லட்சத்து இருபத்தைந்தாயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. தொடர்ந்து இத்தனை வருஷம் இங்கேயே இருந்தேன் என்று காகிதத்தில் நிரூபிக்க வேண்டும். லயத்தில் பிறந்தவர்களில் எத்தனை பேரிடம் காகிதம் இருந்தது? பத்து வருஷத்துக்கும் மேலாக இழுத்த விசாரணை முடியும்போது குடியுரிமை கிடைத்தவர்கள் ஒரு லட்சத்து முப்பத்துச் சொச்சம் ஆயிரம். மிச்சம் இருந்தவர்களை 1964இல் இரண்டு அரசுகளும் தலையெண்ணிப் பங்கு போட்டுக்கொண்டன.

பாதுகாப்புச் சோதனை என்ற பெயரில் ஈழத் தமிழர்களுக்கு நடந்ததும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2009க்குப் பின் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களை, அதில் பெரும்பாலோர் ஈழத் தமிழர், 'இவர் அகதிதான்' என்று ஒப்புக்கொண்ட பிறகும் உளவுத் துறையின் பாதகமான மதிப்பீட்டைக் காட்டி வருஷக்கணக்கில் தடுப்பு முகாமில் வைத்தார்கள். காரணம் சொல்லவில்லை. 2013 ஆகஸ்டில் ஐ.நா. மனித உரிமைக் குழு, அவர்களில் 46 பேர் கொடுத்த மனுக்களை விசாரித்து 143 மீறல்களைக் கண்டது. அமெரிக்காவிலோ துப்பாக்கி முனையில் ஓர் இயக்கத்துக்குப் பணம் கொடுத்தவரும் 'பொருளுதவி செய்தவர்' ஆனார். நிர்ப்பந்தத்தில் கொடுத்தவர்களுக்கு விலக்கு தர 2007இல் வழி செய்தார்கள். ஆனாலும் இந்தப் பிரிவின் கீழ் 7,500க்கும் மேற்பட்ட மனுக்கள் நிறுத்திவைக்கப்பட்டிருந்ததாக 'ஹியூமன் ரைட்ஸ் ஃபர்ஸ்ட்' அமைப்பு 2009இல் எழுதியது. ஒரு தரப்பு அடித்துப் பிடுங்கிய பணம், இன்னொரு தரப்பின் கோப்பில் இவன் கொடுத்த பணமாகிவிடுகிறது.

இப்படி நிற்கிற ஒருவரிடம் நாம் 'சாட்சியம்' கேட்டு வாங்கிப் பத்திரிகையில் போடுகிறோம். இங்கேதான் ஜேம்ஸ் எனக்குப் பயன்படுகிறார். காத்திருப்பவரின் வாக்குமூலத்தில் அவர் தணிக்கை செய்துகொண்ட இடம் இருக்கும், அதிகாரி கேட்க விரும்புவதைச் சொன்ன இடம் இருக்கும், தன் கூட இருந்தவனைத் தள்ளிவிட்டுத் தன்னைத் தூக்கிய இடமும் இருக்கும். அதைத் 'தூய அனுபவம்' என்று கும்பிடுவதும் தப்பு, 'பொய்' என்று தூக்கிப்போடுவதும் தப்பு. தலித் தன்வரலாறுகளையும் இப்படி வாசிக்க நாம் இன்னும் துணியவில்லை. நம்மாளு எழுதியது என்று மூடி மூடி வைக்கிறோம். இடஒதுக்கீட்டு நேர்காணலில் நாம் சொன்னதையும், விடுதி வார்டனிடம் சொன்னதையும், பாதிரியாரிடம் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எத்தனை 'எம்'கள் வெளியே வருவார்கள்!

ஜேம்ஸின் இந்த நூலைத் தமிழாக்க எடுக்கும் தோழர் யாராவது இருந்தால் ஒரு வேண்டுகோள். பழைய பதிப்பு கையில் கிடைத்தால் கடைசி அத்தியாயம் இருக்கிறதா என்று முதலில் புரட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் அதிலிருந்தே மொழிபெயர்ப்பைத் தொடங்கலாம். 'மோபி டிக்' படிக்காதவர்களுக்கும் அது புரியும். எம் என்ற எழுத்துக்குப் பதிலாக ஏதாவது ஒரு பெயரைப் போட்டுவிடாதீர்கள்.